5 கிராமும் 500 கிராமும்: வாசகர் கேள்வி பதில்

நிறவெறியும் காவல்துறையும் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சிலவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் போலீஸ் அதிகமாகப் பிடிக்கிறது என்கிறீர்கள். அவர்கள் அதிகமாகக் குற்றம் செய்வதால்தான் அதிகமாகப் பிடிபடுகிறார்கள் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பிடித்தவர்களிடம் என்ன கிடைத்தது? நியூயார்க் போலீஸ் 2004 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை தெருவில் போகிறவர்களை 44 லட்சம் முறை நிறுத்தி விசாரித்திருக்கிறது. நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். பாதிக்கு மேற்பட்ட முறை உடம்பைத் தடவிப் பார்த்தார்கள், அப்படிப் பார்த்ததில் ஆயுதம் அகப்பட்டது நூற்றுக்கு ஒன்றரை. நூற்றில் 88 முறை கைதும் இல்லை, சம்மனும் இல்லை, ‘சரி, போ’ என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவரில் ஆயுதம் வைத்திருந்தவர் 1 சதவீதம், வெள்ளையரில் 1.4 சதவீதம். யாரை அதிகம் சந்தேகப்பட்டார்களோ அவர்களிடம்தான் குறைவாகக் கிடைத்திருக்கிறது. அதாவது வெள்ளையர் ஒருவரை நிறுத்துவதற்குப் போலீஸுக்குக் கொஞ்சமாவது காரணம் வேண்டியிருந்தது, மற்றவர்களுக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை.

2013ல் ஷைரா ஷைண்ட்லின் என்ற நீதிபதி, இதை நடத்திய விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். இனி ஊரில் பிணம் விழும் என்கிற ரீதியில் அன்றைய மேயரே பேசினார். 2011ல் 6 லட்சத்து 85 ஆயிரமாக இருந்த நிறுத்தங்களின் எண்ணிக்கை 2018ல் சுமார் 11 ஆயிரத்துக்கு இறங்கியது, அதே காலத்தில் வருடத்துக்கு 500க்கு மேல் இருந்த கொலைகள் 300க்குள் வந்தன. நிறுத்துவது குறைந்ததால்தான் கொலையும் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம். கூடவில்லை, அவ்வளவுதான்.

கார் ஓட்டுகிறவர்கள் விஷயத்தில் இன்னொரு சோதனை இருக்கிறது, இதை யோசித்தவர்களுக்கு ஒரு சலாம் போட வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கோடையில் நல்ல வெளிச்சம், குளிர்காலத்தில் கும்மிருட்டு. ஆனால் மணி அதேதான், சாலை அதேதான், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற கூட்டமும் ஏறக்குறைய அதேதான். மாறுவது ஒன்றே ஒன்று: இருட்டில் காருக்குள் இருப்பவரின் தோல் நிறம் சரியாகத் தெரியாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று நாடு முழுவதிலிருந்தும் சுமார் 10 கோடி பதிவுகளைத் திரட்டி 2020ல் வெளியிட்ட ஆய்வில், இருட்டிய பிறகு நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்திருந்தது. ஓட்டுகிற லட்சணம்தான் காரணம் என்றால் பொழுது சாய்ந்ததும் அது ஏன் குறைய வேண்டும்?

கேள்வி: தெருவில் அப்படி இருக்கலாம். கோர்ட்டில் சட்டப் புத்தகத்தில் எழுதியபடிதானே தண்டனை? அதில் எப்படி நிறம் புகும்?

புத்தகத்திலேயே புகும். தூள் கொக்கைனைச் சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் கட்டியாக வருவதுதான் கிராக். சரக்கு ஒன்றுதான், வடிவம் வேறு. 1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் தூள் என்றால் 500 கிராம் விற்றால்தான் குறைந்தபட்சம் 5 வருடம், கிராக் என்றால் 5 கிராமுக்கே அதே 5 வருடம். 5 கிராம் என்பது ஒரு டீஸ்பூன் சர்க்கரை மாதிரி. மத்திய நீதிமன்றங்களில் கிராக்குக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர். சட்டத்தில் எங்கேயும் நிறம் என்ற சொல்லே கிடையாது, நீதிபதியும் எழுதியபடிதான் தீர்ப்பு சொன்னார். இதைச் சரிசெய்ய 24 வருடம் ஆனது. 2010ல் 5 கிராமை 28 ஆக்கினார்கள், நூறு மடங்கு வித்தியாசம் பதினெட்டு மடங்கானது. பதினெட்டு எந்த அறிவியலிலிருந்து வந்தது என்று தேடாதீர்கள், இரண்டு கட்சிகளும் பேரம் பேசி நின்ற இடம் அது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மேலும் எட்டு வருடம், 2018 வரை, ஆனது.

நீதிபதியின் கையில் விடப்பட்ட பகுதியும் இருக்கிறது. அமெரிக்காவின் தண்டனை ஆணையம் 2017ல் வெளியிட்ட அறிக்கையில், மற்ற விவரங்கள் ஒரே மாதிரி இருந்தும் கறுப்பின ஆண்களுக்கு வெள்ளை ஆண்களைவிடச் சராசரியாக 19.1 சதவீதம் நீண்ட தண்டனை கிடைத்திருந்தது.

சரி, இப்படிப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால்? போனார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் மரண தண்டனை பெற்ற வாரன் மெக்லெஸ்கி என்பவருக்காக 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அலசிய ஆய்வை வைத்தார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனைக்கான வாய்ப்பு 4.3 மடங்கு என்றது அது. 1987ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆய்வு சரியாகவே இருந்தாலும் உன் வழக்கில் யாரோ வேண்டுமென்றே பாரபட்சம் காட்டினார்கள் என்று நிரூபி என்று சொல்லிவிட்டது. யார் மனதைத் திறந்து நிரூபிப்பது? தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் ஓய்வுபெற்ற பிறகு, ஏதாவது ஒரு வழக்கில் உங்கள் ஓட்டை மாற்றிக்கொள்வீர்களா என்று தன் வரலாற்றை எழுதியவர் கேட்டபோது இந்த வழக்கைத்தான் சொன்னார். அது 1991. அதே வருடம் மெக்லெஸ்கியை மின்சார நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். 2020ல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. அங்கே இப்போது உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, புள்ளிவிவரத்தோடு வரலாம்.

கேள்வி: போலீஸ்காரர்களுக்கு நல்ல பயிற்சி வகுப்பு நடத்தினால் இதெல்லாம் சரியாகாதா?

நியூயார்க்கில் நடத்திப் பார்த்தார்கள். மனதில் ஒளிந்திருக்கும் பாரபட்சம் பற்றிய வகுப்பு, ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்கள் உட்கார்ந்தார்கள். 2020ல் வெளியான மதிப்பீட்டின்படி விஷயம் புரிந்தது என்று சொன்னவர்கள் அதிகமானார்கள், தெருவில் யாரை நிறுத்தினார்கள் என்பதில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காலை வகுப்பில் கேட்டது ராத்திரி பதினோரு மணிக்குத் தெருமுனையில் நினைவுக்கு வருமா? அந்த நிமிஷத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரத்தில் கையில் இருந்தது ஒரு படிவம். யாரை நிறுத்தினாலும் போலீஸ்காரர் அதை நிரப்ப வேண்டும். ஜெனிஃபர் எபர்ஹார்ட் என்ற உளவியல் பேராசிரியர் அங்குள்ள போலீஸோடு சேர்ந்து வேலை செய்தவர், படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டினார்கள்: இந்த ஆளை ஒரு குறிப்பிட்ட குற்றத்தோடு தொடர்புபடுத்தும் தகவல் முன்பே உன்னிடம் இருந்ததா, ஆம் அல்லது இல்லை. பார்வையே சரியில்லை, திருதிருவென்று முழித்தான் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. 2017ல் சுமார் 32 ஆயிரமாக இருந்த நிறுத்தங்கள் 2018ல் 19 ஆயிரமாகின, கறுப்பினத்தவரை நிறுத்தியது மட்டும் 43 சதவீதம் குறைந்தது. குற்றம் கூடவில்லை. யாருடைய மனதும் திருந்தியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பேனாவை எடுத்து ‘இல்லை’ என்று டிக் அடிக்கக் கை கூசியிருக்கிறது, அது போதும்.

விமான நிலையச் சுங்கத் துறையிலும் இதே கதை. 1998ல் அமெரிக்கக் குடிமக்களான கறுப்பினப் பெண்கள் வெள்ளைப் பெண்களைவிட ஒன்பது மடங்கு அதிகமாக எக்ஸ்ரே சோதனைக்கு ஆளானார்கள், அவர்களிடம் கடத்தல் சரக்கு அகப்பட்ட விகிதமோ வெள்ளைப் பெண்களுடையதில் பாதிக்கும் குறைவு. அப்புறம் சந்தேகத்துக்கான 43 அடையாளங்கள் கொண்ட பட்டியலை ஆறாகச் சுருக்கி, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் சோதனை என்று வைத்தார்கள். சோதனைகள் முக்கால்வாசி குறைந்தன, சரக்கு அகப்பட்ட விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

கேள்வி: ஜூரி முறையில் சாதாரண மக்கள்தானே தீர்ப்பு சொல்கிறார்கள், அங்கே பாரபட்சத்தைத் தடுப்பது சுலபம் இல்லையா?

ஜூரியில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை முடிவு செய்கிற இடத்தில்தான் வேலை நடக்கிறது. அழைக்கப்பட்டவர்களில் சிலரை வேண்டாம் என்று இரு தரப்பு வக்கீல்களும் நீக்கலாம். ஜார்ஜியாவில் 1987ல் நடந்த ஒரு கொலை வழக்கில், அரசுத் தரப்பின் கோப்பு பல வருடம் கழித்து வெளியே வந்தது. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் மீது மட்டும் பளிச்சென்று பச்சை மை, பக்கத்தில் ‘பிளாக்’ என்பதன் முதல் எழுத்தான ‘பி’, பச்சை என்றால் கறுப்பினத்தவர் என்று விளக்கக் குறிப்பு வேறு. ஒரு பெண்ணை நீக்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர் வயது குற்றவாளியின் வயதுக்கு மிக நெருக்கம் என்பது. அவருக்கு 34, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு 19! 21 வயது வெள்ளையர் ஒருவர் அதே ஜூரியில் உட்கார்ந்தார். நிறத்துக்காக நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லியாகிவிட்டது, அதனால்தான் இப்படி வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. கோப்பு கிடைக்காமல் போயிருந்தால் 2016ல் அந்தத் தீர்ப்பு ரத்தாகியிருக்காது.

வாஷிங்டன் மாநிலம் 2018ல் விதியை மாற்றியது. வக்கீலின் எண்ணம் என்ன என்று யாரும் தோண்ட வேண்டாம், நடப்பு தெரிந்த வெளி ஆள் ஒருவர் பார்த்தால் நிறமும் ஒரு காரணம் என்று தோன்றக்கூடுமா என்று மட்டும் பார். போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை என்றார், குற்றம் அதிகமுள்ள பகுதியில் குடியிருக்கிறார் என்பது மாதிரி வழக்கமாகச் சொல்லப்படும் சாக்குகள் ஆரம்பத்திலேயே சந்தேகத்துக்குரியவை என்று பட்டியலே போட்டுவிட்டார்கள்.

கேள்வி: மனிதனுக்குத்தானே பாரபட்சம்? முடிவைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால்?

பிடிபட்டவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணித்து மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்று ஃப்ளோரிடாவில் கொடுத்த மதிப்பெண்களை 2016ல் ஒரு செய்தி நிறுவனம் சோதித்தது. பிறகு எந்தக் குற்றத்திலும் பிடிபடாத கறுப்பினத்தவரில் 45 சதவீதம் பேரை அது ஆபத்தானவர் பக்கம் தள்ளியிருந்தது, வெள்ளையரில் 23. தயாரித்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் வாங்கிய இரு நிறத்தவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி பிடிபடுகிறார்கள், இதில் என்ன பாரபட்சம் என்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கணக்கும் சரி. மெஷினுக்குக் கொடுக்கப்பட்டது பிடிபட்ட கணக்கு, செய்த குற்றத்தின் கணக்கு அதனிடம் கிடையாது. முதல் கேள்விக்கான பதிலை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகனை மூன்று மாதத்தில் இரண்டு முறை தெருவில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பேசாமல் விட்டுவிடு என்கிறான். நான் என்ன செய்ய?

வாய்த்தகராறு வேண்டாம் என்று அவன் நினைப்பது சரிதான், ஆனால் ஒரு தாளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 1984ம் வருடச் சட்டத்தின்படி சோதனை போடுகிறவர் தன் பெயர், ஸ்டேஷன், எதைத் தேடுகிறார், ஏன் சந்தேகம் என்பதைச் சொல்ல வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நகலை மூன்று மாதத்துக்குள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வன்முறை நடக்கலாம் என்று ஒரு பகுதியை முன்கூட்டியே அறிவித்திருந்தால் அங்கே தனி ஆள் மீது சந்தேகம் இல்லாமலும் சோதனை போடலாம், அப்படியா என்பதும் நகலில் தெரியும். முதல் சோதனையின் தேதியைப் பார்த்து, மூன்று மாதம் தாண்டுவதற்குள் எழுதிப் போடச் சொல்லுங்கள். இரண்டு நகல்களும் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் அதே சொற்கள் அப்படியே வந்திருந்தால் புகார் மனுவை அங்கிருந்தே தொடங்கலாம்.