மேலே மழை, கீழே சேறு, நடுவில் பாட்டு

வாசகர் கேள்வி – பதில்

அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் நடந்துவரும் திறந்தவெளி இசைவிழா பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் வருகிறது. மூங்கிலில் கட்டிய மேடைகள், சுற்றிலும் அபதானி மக்களின் நெல்வயல், ஓரமாக டென்ட், எந்த நேரமும் மழை. நண்பர்களோடு அங்கே கிளம்பும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: நாங்கள் நாலு பேர். ‘4 பேர் டென்ட், வாட்டர்ப்ரூஃப்’ என்று ஆன்லைனில் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
(வாசகர், திருச்சி)

ப: வேண்டாம். ‘4 பேர்’ என்பது நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் கொள்ளும் இடம். நனைந்த பைகளுக்கும் சேறு அப்பிய பூட்ஸுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. இடம் போதாமல் உடம்போ பையோ டென்ட் துணியில் ஒட்டினால், சரியாக அங்கேதான் ஈரம் உள்ளே இறங்கும். நாலு பேருக்கு 3 பேர் டென்ட் இரண்டு வாங்குங்கள்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லைவிட அதன் பக்கத்தில் இருக்கும் மில்லிமீட்டர் எண்தான் முக்கியம். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பதை அது சொல்கிறது. டென்ட்டின் உள்துணிக்கு மேல் போர்த்தும் மழைத்துணிதான் மேல் உறை; அதற்கு 2,000 குறைந்தபட்சம். 3,000 இருந்தால் கவலையில்லை. தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் முழங்கால் ஊன்றும்போது விழும் அழுத்தம் மழையைவிட அதிகம். மேல் உறை தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடினால் அந்த டென்ட் மழைக்கு ஆகாது. தரையை ஒட்டி இறங்க வேண்டும்.

வாங்கியதும் மொட்டை மாடியில் கட்டி, 20 நிமிடம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடியுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் முதலில் ஊறுவது தையல்தான். மலிவு டென்ட்களில் தையல் மேல் டேப் ஒட்டியிருக்காது. தையல் சீலர் பசையைப் பிரஷ்ஷால் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். துணியில் சிலிகான் பூச்சு என்றால் சிலிகான் சீலர், பாலியூரத்தேன் பூச்சு என்றால் அதற்குரியது. மாற்றிப் பூசினால் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய டென்ட் பிசுபிசுத்தால், உள்பக்கம் வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால், பூச்சே செத்துவிட்டது என்று அர்த்தம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கே: கூரை ஒழுகவே இல்லை. ஆனாலும் காலையில் பாய், போர்வை எல்லாம் ஈரம். எப்படி?
(வாசகி, கோவை)

ப: இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, டென்ட்டுக்கு அடியில் விரித்த தார்ப்பாய். அது டென்ட்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மேல் உறையில் வழியும் தண்ணீரை முறம் மாதிரி ஏந்தி உங்களுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாலு பக்கமும் டென்ட் விளிம்புக்கு 5 முதல் 10 செ.மீ. உள்ளே இருக்கும்படி மடித்து விடுங்கள்.

இரண்டாவது, உங்கள் மூச்சு. மூச்சிலும் தோலிலுமாக ஒருவர் ஒரு ராத்திரியில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் ஈரம் விடுகிறார். குளிர்ந்த மேல் உறையில் அது பட்டுத் துளியாகச் சொட்டும். மழை வருகிறதே என்று காற்றுவழியை மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மேல் உறையின் காற்றுவழியைத் திறந்தே வையுங்கள், கதவு ஜிப்பை உச்சியில் ஒரு சாண் இறக்கி விடுங்கள். நனைந்த உடையை உள்அறைக்குள் கொண்டுபோகாமல் வாசல் மறைப்பிலேயே தொங்கவிடுங்கள்.

கே: சேற்று மண்ணில் முளைக்குச்சி நிற்கவே மாட்டேன் என்கிறது.
(வாசகர், மதுரை)

ப: டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளை நம் ஊர் கெட்டித் தரைக்குத்தான் சரி. ஊறிய மண்ணுக்கு V அல்லது Y வடிவ முளை, 20 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். தலைப்பக்கம் டென்ட்டைவிட்டு வெளியே சாய்ந்திருக்க, 45 டிகிரியில் அடித்து இறக்குங்கள். கயிறும் முளையும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அப்போதும் பிடுங்கிக்கொண்டால் ஒரே கயிற்றுக்கு இரண்டு முளை.

நைலான் துணி நனைந்தால் தொய்யும். தொய்ந்த மேல் உறை உள்துணியைத் தொட்ட இடத்தில் கசிவு தொடங்கும். படுக்கப் போகுமுன் எல்லாக் கயிற்றையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டாதீர்கள்: பக்கத்து டென்ட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவீர்கள், அதோடு அது ஒருவருடைய விளைநிலம். வாய்க்கால் தேவைப்படாத மேட்டை முதலிலேயே தேர்ந்தெடுப்பதுதான் முறை. அதற்காகவே முதல் நாள் பகலில் போய்ச் சேருங்கள். இருட்டில் வந்தவர்களுக்குப் பள்ளம்தான் மிஞ்சும்.

கே: என்ன உடை, என்ன செருப்பு?
(வாசகி, சென்னை)

ப: ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் கனத்து, அந்த ஈரக்காற்றில் நாலு நாளும் காயாது. பாலியெஸ்டர் டிராக் பேன்ட், மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேல் தையலில் டேப் ஒட்டிய ரெயின்கோட். காலுக்கு கம்பூட். வடகிழக்கில் வயலுக்குப் போடுவது அதுதான். உங்கள் அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, உள்ளே கெட்டி சாக்ஸ் போட்டால் குதிகால் உரசாது. விளிம்பு கெண்டைக்காலை அறுக்காமலிருக்க சாக்ஸ் பூட்ஸைவிட உயரமாக இருக்கட்டும்.

நாலு நாளுக்கு 6 ஜோடி சாக்ஸ். அவற்றில் ஒரு ஜோடி, ஒரு டி-ஷர்ட், ஒரு பேன்ட், இந்த மூன்றையும் கெட்டி பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் கட்டி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துவிடுங்கள். பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக்கூடாது. பகல் முழுக்க நனையலாம், தவறில்லை. ராத்திரி படுக்கும்போது உடம்பு உலர்ந்திருக்க வேண்டும். இந்த ஒன்றைக் காப்பாற்றினால் மழையில் டென்ட் வாழ்க்கை இனிக்கவே செய்யும். மறுநாள் காலை ஈர உடையையே திரும்ப மாட்டிக்கொள்ள மனசு வராதுதான். ஆனாலும் மாட்டுங்கள்; நடக்க ஆரம்பித்த பத்து நிமிடத்தில் உடல் சூடு ஏறிவிடும்.

ஸ்லீப்பிங் பேக் சிந்தெடிக் ஆகட்டும். இறகு நிரப்பியது நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டை இழந்துவிடும். அடியில் 10 மி.மீ. ஃபோம் பாய் அவசியம். இன்னொன்று, நாலு கைலி எடுத்துப் போங்கள். உடை மாற்ற மறைப்பு, துவட்டத் துண்டு, தலைக்குச் சுருட்டினால் தலையணை.

பல மணி நேரம் ஈர சாக்ஸில் ஊறிய பாதம் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போனால் அலட்சியம் வேண்டாம். கழற்றி, ஒற்றித் துடைத்து, காற்றாட விட்டு, மெல்லச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் முதலுதவிக் கூடாரத்துக்குப் போங்கள்.

கே: குளிருக்கு அங்கே கிடைக்கும் அரிசி பீர் குடித்தால் சூடு தருமாமே?
(வாசகர், சேலம்)

ப: தருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடு தெரிகிறது. அதே வழியாக உள்சூடு வெளியேறுகிறது. நனைந்த உடையோடு குடிப்பது அபாயம். கூட இருப்பவர் நடுங்கி, பேச்சு குழறினால் போதை என்று விட்டுவிடாதீர்கள். ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டி, போர்த்தி, தெளிவாக இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். நடுக்கம் நின்றும் தெளியாவிட்டால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கே: மேடை முன்னால் குடை பிடிக்கலாமா?
(வாசகர், ஈரோடு)

ப: கூடாது. பின்னால் நிற்பவருக்கு மேடை மறையும், கம்பி கண்ணைக் குத்தும்.

கே: பாட்டு நடக்கும்போது இடி இடித்தால்?
(வாசகி, நாகர்கோவில்)

ப: மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் திறந்த வெளியை விட்டு விலக வேண்டும். டென்ட்டும் மரத்தடியும் பாதுகாப்பு அல்ல. கண்ணாடி ஏற்றிய கார் அல்லது கான்கிரீட் கட்டடம் தேடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

கே: எப்படிப் போவது? கேஸ் அடுப்பு எடுத்துப் போகலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

ப: 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இன்றும் அருணாசலத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். குவாஹாட்டி வரை விமானம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் நாஹர்லாகுன், பிறகு ஷேர் சுமோவில் மலைப்பாதை. மழையில் அந்தப் பாதையில் மண் சரியும். திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் உபரியாக விடுங்கள்.

கேஸ் குப்பி விமானத்திலும் ரயிலிலும் அனுமதியில்லை. கிடைத்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும். விழாவில் உணவுக் கடைகள் உண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போனால், வெறும் சோறு கிடைக்கும் இடமெல்லாம் சாப்பாடுதான்.

கே: போன் நனைந்தால் அரிசியில் போடலாமா?
(வாசகர், புதுச்சேரி)

ப: பயனில்லை, அரிசித் தூசிதான் சார்ஜ் துளைக்குள் போகும். உடனே அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி தட்டி, துடைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள். நன்றாகக் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

கே: திரும்பி வந்த பிறகு டென்ட்டை வாஷிங் மெஷினில் போடலாமா?
(வாசகி, வேலூர்)

ப: வேண்டாம், பூச்சு போய்விடும். விழா முடிந்த காலையில் ஈரத்தோடுதான் சுருட்டுவீர்கள். அப்படியே இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பூஞ்சை கறுப்புப் புள்ளியாகப் படரும். வழியில் தங்கும் அறையில் விரித்து உலர்த்தப் பாருங்கள். வீட்டில் சாதாரணத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கொண்டு சேற்றைத் துடைத்து, நிழலில் கொடியில் போடுங்கள், வெயில் துணியைத் தின்றுவிடும். தையல் மடிப்பும் ஜிப் ஓரமும் கடைசியாகத்தான் காயும். அங்கே விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.