பயாப்சியில் 'ஆக்டிவ்' என்றால் புற்றுநோயா?

வணக்கம். 'குரோனிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ், எச். பைலோரி பாசிட்டிவ்' என்ற பயாப்சி (இரைப்பைச் சுவரில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள் போல. அந்த 'ஆக்டிவ்' புற்றுநோயைக் குறிப்பதல்ல. இரைப்பைச் சுவரில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் தெரிகின்றன என்று பொருள். 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்றால் இரைப்பை அழற்சி; 'எச். பைலோரி' அதை உண்டாக்கும் பாக்டீரியா கிருமி. 'குரோனிக்' என்றால் அழற்சி பல நாளாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கஷாயம் குடித்து எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் மருந்து வேண்டாமே என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் பதுங்குகிறது. சுவரின் செல்கள் இன்டர்லியூக்கின்-8 என்ற வேதிப்பொருளை விட்டு நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும். அவை வந்து கொட்டும் நச்சுப்பொருள்களில் கிருமி பெரும்பாலும் தப்பிவிடும். புண்ணாவது நம் சுவர்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! சண்டை ஆண்டுக்கணக்கில் நீளும்.

1984இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாளில் வாந்தி; பத்தாம் நாள் பயாப்சியில் அழற்சி. 2005இல், உடன் ஆய்வு செய்த ராபின் வாரனோடு நோபல் பரிசும் கிடைத்தது.

அதனால் கஷாயத்தை நம்பி ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடாதீர்கள். பொதுவாக 14 நாள் கோர்ஸ். வாய் கசந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. முடிந்து 4 வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் 2 வாரம் பான்டோபிரசோல் வகை (அமிலத்தைக் குறைக்கும்) மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.