நோட்டீஸில் ஏறிய டாக்டர் பட்டம்

சென்ற சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் என் ஆலோசனை மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த அக்கா, கைப்பையிலிருந்து கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தார். உபயதாரர் பட்டியலில் ஏழாவது பெயர் அவருடைய மகளுடையது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சாகியிருந்தது. அச்சுக்குக் கொடுத்தவர் தாய்மாமன். அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகள் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டாள். போன தீபாவளிக்குக்கூட ஆய்வகத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம்.

ஊர் மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா. எங்களுக்கு இன்னும் அது பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். பெண்ணின் அப்பா, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வேதியியலில் பட்டம் பெற்று, அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் ஆய்வுக்குச் சேர்ந்தாள். ஐந்தாம் ஆண்டு முடியப்போகிறது. மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து வந்த மாத உதவித்தொகை மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டது. கட்டுரை இரண்டு இதழ்களிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இரவில் டியூஷன் சொல்லிக்கொடுத்து அறை வாடகை கட்டுகிறாள்.

"கவலைப்படாதீர்கள் அக்கா, கடைசி வருடம் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று வழக்கமான ஆறுதலைத்தான் முதலில் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டபின் ஆறுதலை அதோடு நிறுத்திக்கொண்டேன். கணவர் ஊழியர் சேமநிதியில் மிச்சமிருக்கும் பணத்தை எடுத்து மகளுக்குக் கொடுக்கப் போகிறாராம். மாமன் சொல்லியிருக்கிறார்: "பாதியில் விட்டால் குடும்பத்துக்கே தலைக்குனிவு. இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் பல்கலைக்கழக விரிவுரையாளர்."

பணத்தை முதலில் பேசிவிடுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு வெள்ளியைக்கூட எடுக்காதீர்கள், அக்கா. சங்கிலியையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். முப்பது ஆண்டு லாரி ஓட்டிய முதுகெலும்புக்கு வைத்தியச் செலவு வரப்போகிறது, அதற்கு உள்ள ஒரே பணம் அது. மகளுக்கு இப்போது பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது ஒரு முடிவுத் தேதி. பணம் போனால் அந்தத் தேதி இன்னும் தள்ளித்தான் போகும்.

மாமன் சொல்லும் விரிவுரையாளர் பதவிக்கு வருவோம். 2023-க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்று அரசாங்கம் இலக்கு வைத்து, மைபிரேய்ன்15 என்ற திட்டத்தில் உதவித்தொகை கொடுத்துப் பலரை உள்ளே சேர்த்தது. ஆய்வுக்கு ஆள் சேர்த்த வேகத்தில் நாற்காலிகள் பெருகவில்லை. பட்டம் வாங்கிய கையோடு பதவி என்பது மாமனின் காலத்துக் கணக்கு. வெளிநாட்டில் ஆய்வுப்பணி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர் போன்ற வழிகளைப் பற்றியும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. உங்கள் மகளுக்கு அவற்றில் நாட்டம் இல்லை என்பதும் அவளிடம் தொலைபேசியில் பேசிய அரைமணி நேரத்தில் புரிந்துவிட்டது.

அந்த அரைமணி நேரத்தில் அவள் குரலில் உயிர் வந்தது ஒரே ஒரு இடத்தில். செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து கரி தயாரித்து, அதைக்கொண்டு ஆலைக் கழிவுநீரின் நிறத்தை நீக்க முடியுமா என்பதுதான் அவள் ஆய்வு. சுத்திகரித்து முடித்த பிறகும் அந்த நீர் 'தே ஓ' நிறத்தில், அதாவது பால் ஊற்றாத தேநீர் நிறத்தில்தான் இருக்கும். மாதிரி எடுக்க ஆலையின் கழிவுநீர்க் குளத்துக்குப் போன நாட்களைப் பற்றி அவள் பேசியபோது நான் குறுக்கிடவே இல்லை. எந்தக் குளத்தில் எத்தனை மணிக்கு நுரை எழும்பும் என்பதுவரை சொன்னாள். கட்டுரை, கருத்தரங்கம், விரிவுரை என்று பேச்சு திரும்பியதும் குரல் மறுபடி தாழ்ந்துவிட்டது.

அந்தக் குளத்தை நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம். அதற்குள் ஒரு தொழில் இருப்பதை நம்மவர்கள் பார்ப்பதில்லை. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் ஊர்ப்பக்கம்தான் நடப்பட்டது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குத் தென்னையின் பெயர், அதுவும் நம் மொழியில்! நூறு ஆண்டாகக் குலை வெட்டினோம், சுமந்தோம், லாரி ஓட்டினோம். ஆலையின் ஆய்வகத்துக்குள் போனவர்கள் கொஞ்சம்தான்.

ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியே வருகிறது. வரும்போது 80, 90 டிகிரி சூடு, நல்ல புளிப்பு. ஆலைக்காரர்கள் 'பி.ஓ.டி.' என்று சொல்லும் அளவு, அதாவது அந்த அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு முன் அதை 100-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பை ஆண்டுக்கு ஆண்டு இறுக்கி, 1984-இல் 100-இல் நிறுத்தினார்கள். சில இடங்களில் இப்போது 20 என்றுகூடக் கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இந்தச் சோதனை 20 டிகிரியில் ஐந்து நாள். நம் ஆலைகளில் 30 டிகிரியில் மூன்று நாள். வெளியூரில் படித்துவிட்டு வருகிற பட்டதாரி தடுமாறும் இடம் அது. உங்கள் மகள் இதை நூறு முறையாவது செய்திருப்பாள்.

இந்தக் குளங்களை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள முடியாது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, சுத்திகரிப்புக்குத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். செம்பனை ஆலைக் கழிவுநீருக்கென்றே தனிச் சான்றிதழும் உண்டு. சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகம் அதற்கான வகுப்பையும் தேர்வையும் நடத்துகிறது. இதற்கு முனைவர் பட்டம் வேண்டாம். குளத்திலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் ஆக்கும் வேலையும் இதோடு ஒட்டி வளர்ந்திருக்கிறது.

இன்னொரு கதவும் இருக்கிறது. அது வேதியியல் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்பதால், உயிரித்தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளின் பெற்றோர் அவசரப்பட்டு ஆசைப்பட வேண்டாம். 1975-ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்தான் பகுப்பாய்வு அறிக்கையில் வேதியியலாளராகக் கையெழுத்திட முடியும். எண்ணெயின் அமில அளவு, ஆற்றுநீர், உரம், குடிநீர் என்று எதைச் சோதித்தாலும் கடைசியில் அந்தக் கையெழுத்து வேண்டும். பட்டத்தோடு ஆய்வக அனுபவமும் காட்டி, மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் சோதனைக்கூடங்கள் நிறையவே இருக்கின்றன. பதிவு பெற்றவர்கள் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம் என்பதை மாமனுக்குச் சொல்லுங்கள். நோட்டீஸில் இடம் இருக்கும்.

அப்படியானால் ஆய்வை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை, சிறியதாக முடிக்கச் சொல்கிறேன். முடிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளில் பலரிடம் தரவு குறைவாக இருப்பதில்லை. 'இன்னும் ஒரு சோதனை' என்ற எண்ணம்தான் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் மகளிடம் மூன்று அத்தியாயத்துக்கான முடிவுகள் கையில் இருக்கின்றன. நான்காவதில் கரி எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று எழுதினால் அதுவும் ஓர் அத்தியாயம்தான். இன்றோடு ஆய்வகத்தில் புதிய சோதனை எதுவும் தொடங்கக்கூடாது. செய்முறை அத்தியாயத்தை முதலில் எழுதட்டும். அதில் சிந்திக்க வேண்டியது குறைவு, கை ஓடும். பிறகு ஒவ்வொரு வரைபடமாக எடுத்து, அதன் கீழே இரண்டு பத்தி எழுதினால் போதும். முன்னுரை கடைசியில்.

மேற்பார்வையாளரைச் சந்திக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சமர்ப்பிக்க இன்னும் என்னென்ன வேண்டும்?" அவர் வாயால் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலாக எழுதி அவருக்கே அனுப்ப வேண்டும். அடுத்த முறை பட்டியல் நீண்டால், எது புதிதாக வந்தது என்று இருவருக்கும் தெரியும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பல பல்கலைக்கழகங்களில், சமர்ப்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே 'சமர்ப்பிக்கப் போகிறேன்' என்று ஓர் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். அதன்பிறகுதான் தேர்வாளர்களைத் தேடும் வேலை தொடங்கும். எல்லாம் எழுதி முடித்த பிறகு இந்தப் படிவத்தை நினைத்துப் பார்ப்பவர்கள் அநியாயமாக ஒரு பருவத்தை இழக்கிறார்கள். அவளை இந்த மாதமே கொடுக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் திருத்தம் கேட்பார்கள். திருத்தமே இல்லாமல் தப்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு இரண்டு பருவம். அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இதே மேசையில் உட்கார்ந்த ஒரு பையனுக்கு 'பொறுத்துக்கொள், தம்பி' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எட்டாம் ஆண்டில் அவன் பதிவு ரத்தானது. முதுகலைப் பட்டமாக மாற்றிக்கொண்டு வெளியேறும் வாய்ப்பு அதற்கு முன்பே கடந்துபோயிருந்தது. அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதை அவன் என்னிடமும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெறுங்கையோடு போனான். ஆகவே, அக்கா, மகளை இந்த வாரமே பட்டமேற்படிப்பு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். முதுகலையாக மாற்ற விதி இருக்கிறதா, கடைசித் தேதி எது என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும். விதி ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் மாறும். இரண்டு பருவத்தில் முடியாவிட்டால் அந்தக் கதவால் வெளியே வரலாம். குளமும் சோதனைக்கூடமும் அவளை அப்போதும் ஏற்றுக்கொள்ளும்.

அவள் தூங்குவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று நீங்கள் சொன்னதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ உறவினர்கள் பேச விடாதீர்கள். 2018-இல் 26 நாடுகளின் பட்டமேற்படிப்பு மாணவர்கள் 2,279 பேரிடம் கேட்டு நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியிட்ட கணக்கில், பத்தில் நான்கு பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனப்பதற்றம் இருந்தது. மனச்சோர்வும் ஏறக்குறைய அதே அளவு. பல்கலைக்கழகத்திலேயே மனநல ஆலோசகர் இருப்பார். தாங்க முடியாமல் போனால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். இதை அவளிடம் அம்மா சொல்வதைவிட அப்பா சொன்னால் நல்லது. அவர் லாரியில் அவளை ஆலைக்கு அழைத்துப்போன நாட்களைப் பற்றித்தான் அவள் என்னிடம் முதலில் பேசினாள்.

வரும் ஞாயிறு நீங்கள் இருவரும் பஸ் ஏறிப்போய் அவளைப் பாருங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். 'எப்போது முடியும்' என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த ஆண்டுத் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் உங்கள் அண்ணனிடம் பேசிவிடுங்கள், அவள் பெயரை மட்டும் போட்டால் போதும் என்று.