வெல்லும் வாய்ப்பு இல்லாத சிறிய கட்சிக்காகச் சட்டமன்றத் தேர்தலில் நிற்பதில் பயன் உண்டா?

தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற்று, ஆனால் அங்கீகாரம் பெறாத ஒரு சிறிய கட்சி தம்மைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் நிற்க அழைப்பதாகவும், தோல்வி உறுதி என்று தெரிந்தே அதற்கு ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 2021 தேர்தலில் காவிரி டெல்டாவின் ஒரு தொகுதியில் அத்தகைய கட்சியின் வேட்பாளருக்குத் தலைமை முகவராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொகுதி மக்களுக்கு நேரடியாகப் புரியும் ஒரு கோரிக்கையும், இரண்டு வாரம் ஓய்வின்றி உழைக்கும் ஆட்களும் உங்களிடம் இருந்தால் நிற்கலாம். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நிற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இரண்டு வாரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் சின்னம். 2021-இல் மார்ச் 12 அன்று வேட்புமனுத் தாக்கல் தொடங்கியது. மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 22. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் வாக்குக் கேட்பவர்கள் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே சுவர் பிடித்து வரைந்து முடித்திருக்க, அங்கீகாரம் இல்லாததால் நிலையான சின்னமும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு மார்ச் 22 மாலைதான் என்ன சின்னம் என்பதே தெரியும். வேட்புமனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். அதே சின்னத்தைச் சுயேச்சை ஒருவரும் கேட்டால் பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு முன்னுரிமை உண்டு. இன்னொரு சிறிய கட்சியும் கேட்டால் குலுக்கல்தான். குலுக்கலில் எங்கள் முதல் விருப்பம் போய்விட்டது. அன்றிரவே அச்சகத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே தயாராக இருந்த துண்டறிக்கையின் மேல்மூலையில் விட்டுவைத்திருந்த வெற்றிடத்தில் புதிய சின்னத்தைப் பொருத்தி, விடியற்காலையில் முதல் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கட்சியின் பெயரையும் வேட்பாளரின் பெயரையும் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும் வாக்காளர், விடைபெறும்போது மறக்காமல் கேட்பது "சின்னம் என்னங்க?" என்பதைத்தான்.

வளரும் கட்சிகளையும் இந்தச் சிக்கல் விடுவதில்லை. நாம் தமிழர் கட்சி 2016-இல் இரட்டை மெழுகுவர்த்தியிலும், 2021-இல் கரும்பு விவசாயியிலும், 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மைக்கிலும் நின்றது. ஏறத்தாழ 1.1 விழுக்காட்டில் தொடங்கிய அதன் வாக்கு 6.6 ஆகி, பிறகு 8 விழுக்காட்டைக் கடந்த பின்னரே மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைத்தது. அக்கட்சியின் கொள்கையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் புதிய சின்னத்தை மக்களின் மனத்தில் பதியவைப்பது எத்தகைய உழைப்பு என்பதைக் களத்தில் நின்றவர்கள் அறிவார்கள்.

சட்டமும் எல்லா வேட்பாளரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். நமக்குத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் கையொப்பமிட வேண்டும். 1996-இல் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்ட அதே ஆண்டில் இந்த விதி வந்தது; 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆக உயர்ந்ததும் அப்போதுதான். இன்று அது 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. வாக்குப்பதிவு இயந்திரத்தில் உள்ள வேட்பாளர் வரிசையில் அங்கீகாரம் பெற்ற கட்சியினர் முதலிலும், நம்மைப் போன்றவர்கள் அவர்களுக்குப் பிறகும், சுயேச்சைகள் கடைசியிலும் இடம்பெறுகிறார்கள். வாக்காளர் பட்டியலை அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்களுக்கு இலவசமாகத் தரும் அரசு, மற்றவர்களைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதுதான் எனக்கு மிகவும் அநீதியாகப் படுகிறது. பட்டியல் இல்லாமல் எந்த வீட்டின் கதவைத் தட்டுவது? பணமுள்ளவனுக்கு இலவசம், இல்லாதவனுக்கு விலை என்ற இந்த ஏற்பாட்டை மாற்றியே ஆக வேண்டும்.

டெபாசிட்டைக் காப்பாற்றச் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற வேண்டும். இரண்டு லட்சம் வாக்குகள் பதிவாகும் தொகுதியில் அது 33,000-ஐத் தாண்டும். அந்தத் தொகை திரும்பி வராது என்று கருதியே செலவுத் திட்டம் போடுங்கள்.

அப்படியானால் பயன் என்ன? எங்கள் வேட்பாளர் ஒரு நெல் விவசாயி. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவின் சம்பா நெல் சாய்ந்து முளைத்தது பலருக்கு நினைவிருக்கும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். திறந்தவெளியில் மூட்டைகளோடு காத்திருக்கும்போதே அடுத்த மழை வந்து அந்த அளவை ஏற்றிவிடும். ஒன்றியத்துக்கு ஒன்றாவது கூரையுடன் கூடிய உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும் என்பதை மட்டுமே அவர் ஊர் ஊராகப் பேசினார். பிரசாரத்தின் இரண்டாம் வாரத்தில் பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் அதே கோரிக்கையைத் தம் வேனில் நின்று வாக்குறுதியாக அறிவித்தார். எங்களுக்கு ஒரு வாக்குகூட அதனால் கூடியிருக்காது. ஆனாலும் நாங்கள் நின்றிராவிட்டால் அந்தப் பேச்சு அந்தத் தேர்தலில் எழுந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓட்டைப் பிரிக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டு கட்டாயம் வரும். 2021-இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்குகளில். இத்தகைய எண்களைக் காட்டித்தான் உங்களை விலகச் சொல்வார்கள். பெரிய கட்சிகளுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்ட வாக்கு என்று எதுவும் இல்லை. தமக்கு வேண்டியதைப் பேசாதவருக்கு வாக்களிக்க மறுப்பது வாக்காளரின் உரிமை. ஆனால், பின்னணியில் ஒரு பெரிய கட்சியிடம் பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவரைத் தோற்கடிப்பதற்காகவே உங்களை நிறுத்துகிறார்களா என்பதை ஒப்புக்கொள்வதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

நிற்பது என்று முடிவெடுத்தால் உடனடியாகச் செய்ய வேண்டியது பூத் ஏஜென்ட்டுகளை, அதாவது வாக்குச்சாவடி முகவர்களை, திரட்டுவது. எங்கள் தொகுதியின் முந்நூற்றுச் சொச்சம் வாக்குச்சாவடிகளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் எங்களால் ஆள் அனுப்ப முடிந்தது. காலை ஏழு மணி வாக்குப்பதிவுக்கு முன், முகவர்கள் முன்னிலையில் இயந்திரத்தில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிவு செய்து, அதன் எண்ணிக்கையை விவிபேட் கருவி அச்சிடும் ஒப்புகைச் சீட்டுகளுடன் ஒப்பிட்டுக் காட்டுவார்கள். மாலையில் மொத்தம் பதிவான வாக்குகளைக் குறித்த 17சி படிவத்தின் நகல் முகவரின் கையில்தான் தரப்படும். ஆள் இல்லாத சாவடியில் என்ன நடந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுத் தாளும் இருக்காது.

செலவுக் கணக்கையும் அதே கண்டிப்புடன் வைத்துக்கொள்ளுங்கள். தனி வங்கிக் கணக்கு தொடங்கி, தேநீர் முதல் வாடகை நாற்காலி வரை அன்றாடம் பதிவேட்டில் எழுதி, முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றுவிட்டோமே, இனி எதற்கு என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தக்க காரணமின்றி விட்டவர்களை மூன்றாண்டுகளுக்குப் போட்டியிடத் தகுதியற்றவர்களாக ஆணையம் அறிவிக்க முடியும்.