ஊரடங்கு நாட்களில் அம்மாவுடன் கொழும்பில்

பிறந்த நாட்டில் அரசியல் கொந்தளிப்பு நிலவும்போது வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகலாமா, அப்படிப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் போனோம். 2022 ஜூலை 6 ஆம் திகதி லண்டனில் இருந்து இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கி, 14 ஆம் திகதி இரவு திரும்பினோம். 77 வயதான அம்மா, மனைவி, 15 வயது மகன், 11 வயது மகள், நான் என்று ஐந்து பேர். உங்கள் கேள்விக்கு என் பதில் ‘போகலாம்’ என்பதே. ஆனால் போவதற்கு முன்னர் எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதில் நாங்கள் பெரிதாகத் தவறிவிட்டோம். அதைத்தான் எழுத விரும்புகிறேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகனுடன் இருந்தார். அவருக்கு அப்போது 82 வயது. கொரோனாவால் இரண்டு தடவை தள்ளிப்போன பயணம் அது. மூன்றாவது தடவையும் தள்ளிப்போட்டால் சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்களோ என்ற கவலையில்தான், செய்திகளைப் பார்த்துக்கொண்டே பயணச்சீட்டு எடுத்தோம்.

எங்கள் பயம் முழுவதும் 1983 ஆக இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 25 ஆம் திகதி கொழும்பில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட பிறகும் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. வெள்ளவத்தையில் எரிந்தவற்றில் எங்கள் வாடகை வீடும் ஒன்று. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் தங்கி, பிறகு ‘லங்கா கல்யாணி’ என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஆறு வயது. அதனால் அம்மாவைப் பொறுத்தவரை ஊரடங்கு என்பது பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல. வெளியே ஓட வழியில்லாமல் வீட்டுக்குள் அகப்பட்டுக்கொள்வது. லண்டனில் பெட்டி அடுக்கும்போதே பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளைத் துணிப்பையில் போட்டுத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். திரும்பும் நாள் வரை அதைக் கழற்றவே இல்லை.

ஜூலை 8 வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு, சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று மறுநாள் நடக்கவிருந்த பெரும் போராட்டத்தைத் தடுப்பதற்காக மேல் மாகாணத்தின் பல பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போட்டார்கள். அம்மா படுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அவர் பக்கத்தில் வந்து அமர்ந்து, “இது எங்களுக்கு எதிரா வாற சனம் இல்லையடி, நீ படு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சட்டத்தரணிகள் சங்கம் அது சட்டவிரோதம் என்று அறிவித்ததைத் தொடர்ந்து காலை 8 மணிக்கு ஊரடங்கு நீக்கப்பட்டது. சிறிது நேரத்தில் கரையோர ரயில் பாதையில் தென்பகுதியில் இருந்து ஒரு ரயில் வந்தது. வாசல்களிலும் பெட்டிகளுக்கு இடையிலும் மனிதர்கள் தொங்கிக்கொண்டு, கொடிகளை அசைத்தபடி கொழும்புக் கோட்டைப் பக்கம் போனார்கள். மாடத்தில் நின்ற என் மகளைப் பார்த்து அவர்கள் கை அசைக்க, அவளும் அசைத்தாள். அம்மா அவளைப் பின்னால் இழுத்தார். அன்று பிற்பகலே சனாதிபதி மாளிகைக்குள் மக்கள் நுழைந்துவிட்டார்கள். இரவில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் தனிப்பட்ட வீடு எரிக்கப்பட்டது. வீடு எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா, “ஆற்ற வீடெண்டாலும் எரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எங்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. யாரும் எங்களைத் தடுக்கவும் இல்லை, என்ன இனம் என்று கேட்கவும் இல்லை. பெரியம்மாவின் வீட்டுக்கோ நாங்களே பெரும் பாரமாகிவிட்டோம்.

ஜூன் இறுதியில் அரசு, அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த எவருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று அறிவித்திருந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ஐ எட்டியிருந்ததால் எங்கள் கையில் பணம் தாராளமாக இருந்தது, ஆனால் அந்தப் பணத்துக்கு வாங்கப் பொருள் இல்லை. பெரியம்மாவின் வீட்டில் இருந்தது ஒரேயொரு காஸ் சிலிண்டர். அவர்கள் இருவரும் காலையில் ஒரு தடவை மட்டும் அடுப்பு மூட்டி, சோறும் ஒரு கறியும் வைத்து, அதையே இரவுக்கும் வைத்துக்கொண்டு அந்தச் சிலிண்டரை ஏழு வாரமாக நீட்டியிருந்தார்கள். நாங்கள் வந்த அன்று பெரியம்மா இடியப்பம் அவித்தார். மறுநாள் புட்டு. பிள்ளைகள் குளிப்பதற்கு வெந்நீர். மதியம் மூன்று கறி, மீன் பொரியல். வேண்டாம் என்று மனைவி சொன்னால், “லண்டனில இருந்து வந்த பிள்ளையளுக்குப் பாணும் சம்பலுமே குடுக்கிறது?” என்று கேட்பார். நான்காம் நாள் காலை, தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நீலச் சுவாலை மஞ்சளாகி, சுருங்கி, அணைந்தது. பெரியம்மா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் திருகியை மூடினார்.

அதற்குப் பிறகு பெரியம்மாவின் மகன் வெற்றுச் சிலிண்டரை வரிசையில் கொண்டுபோய்ச் சங்கிலியால் மற்றவற்றுடன் பிணைத்துவிட்டு, முறை போட்டு இரவும் பகலும் காவல் நின்றார். அவருக்கு நீரிழிவு. நான் மாறி நிற்கிறேன் என்றால், “நீங்கள் விருந்தாளி” என்று அனுப்பிவிடுவார். மின்சார அடுப்பு ஒன்று வாங்கினோம். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் அரிசி கழுவ வேண்டும். மின்சாரம் இல்லாத இரவில் பெரியம்மா ஜாம் போத்தல் விளக்கு ஏற்றினார். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், 1995 இடப்பெயர்வு வரை அவர் வீட்டில் எரிந்த விளக்கு அது. தெற்கில் மக்கள் இப்போது படும் பாட்டை வடக்கு முன்னரே பட்டுவிட்டது என்று பலர் அந்த நாட்களில் சொன்னதைக் கேட்டேன். அவர் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரியைச் சரிசெய்வதிலேயே கவனமாக இருந்தார்.

11 ஆம் திகதி மகனைப் பேருந்தில் காலிமுகத்திடலுக்கு அழைத்துப்போனேன். ‘கோட்டா கோ கம’ என்ற போராட்டக்காரர்களின் கூடார ஊரையும் அங்கே இருந்த நூலகத்தையும் பார்த்தோம். அதே திடலில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவு கூரப்பட்டு, கஞ்சி பகிரப்பட்டதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை. மாளிகைக்குள் போகும் வரிசையில் மட்டும் நாங்கள் நிற்கவில்லை. ஊருக்கு வந்துபோகும் ஒருவன் அங்கே நின்று படம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

14 ஆம் திகதி நண்பகலில் கொழும்பு மாவட்டத்துக்கு மறுபடியும் ஊரடங்கு. விமானப் பயணிகளுக்குப் பயணச்சீட்டும் கடவுச்சீட்டுமே அனுமதிப்பத்திரம் என்பதால் பயணச்சீட்டுகளை அச்சடித்து வைத்திருந்தோம். வீதித்தடையில் எங்கள் வாகனத்தை நிறுத்திய பொலிஸ்காரர் இளைஞர். அம்மா இடுப்புப் பையை அவிழ்த்துக் கடவுச்சீட்டுகளைத் தானே எடுத்து நீட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். விமான நிலையத்தில் காத்திருந்தபோதுதான், கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரில் இருந்து பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார் என்ற செய்தி வந்தது.

ஆகவே, உங்கள் பெற்றோர் ஆசைப்பட்டால் அழைத்துப்போங்கள். நீங்கள் வாழும் நாட்டின் அரசு பயணத்தைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் பயணக் காப்புறுதி செல்லாமல் போகலாம். அதை முதலில் பாருங்கள். மருந்துகளைத் தேவைக்கு இரு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். 2022 இல் அங்கே மருந்துக்கும் தட்டுப்பாடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறவினரிடம் “நிலைமை எப்படி?” என்று கேட்காதீர்கள், “பிரச்சினை இல்லை, வாருங்கள்” என்றுதான் சொல்வார்கள். எத்தனை சிலிண்டர் இருக்கிறது, கடைசியாக எப்போது கிடைத்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சமைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், மின்பிறப்பாக்கி உள்ள தங்குமிடம் ஒன்றை அவர்கள் வீட்டில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் எடுத்து, சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போங்கள். அவர்கள் கோபிப்பார்கள். கோபித்தாலும் பரவாயில்லை. பெரியம்மாவின் மகனுக்கு அந்தச் சிலிண்டர் கிடைத்தது நாங்கள் லண்டன் வந்து சேர்ந்து ஆறு நாட்களுக்குப் பிறகுதான்.