நகரத்து மொட்டை மாடியிலிருந்து நெபுலாவை (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசி மேகம்) படம் எடுக்க, ஒரு குறுகிய நிறக் கீற்றை மட்டும் விடும் நாரோபேண்ட் ஃபில்டர் உண்மையிலேயே உதவுமா?

நிச்சயம் உதவும். தெருவிளக்குகளுக்கு நடுவே இருந்துகொண்டுதான் ரோசெட் நெபுலாவை எடுத்தேன். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, கையை நீட்டி முஷ்டியை வைத்தால் மறைகிற தூரத்தில் இருக்கிறது. முழு நிலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். ஆனாலும் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

நெபுலாவின் நடுவில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு, சுற்றியுள்ள வாயு ஒளிர்கிறது. ஒவ்வொரு வாயுவுக்கும் தனி அலைநீளம்: ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில், ஆக்சிஜன் 500.7-இல், கந்தகம் 672-ஐ ஒட்டி. வெள்ளை எல்இடி வெளிச்சமோ எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. வாயுவுக்கு ஒன்றாக இருக்கும் 7 நானோமீட்டர் அகல ஃபில்டர், அந்த வாயுவின் கீற்றை மட்டும் உள்ளே விடும்.

முதல் ஹைட்ரஜன் படம், 5 நிமிட எக்ஸ்போஷர், லேப்டாப்பில் வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பு வெள்ளையில் ஒரு புகை வளையம், நடுவே குழி, ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி இருண்ட தூசித் திட்டுகள். நட்சத்திரங்களிலிருந்து வீசும் காற்று தோண்டிய குழி அது.

ஆக்சிஜனில்தான் சறுக்கினேன். நிலா இருந்த இரவில் எடுத்த இரண்டு மணி நேரப் படங்களும் வெளுத்துப்போய்விட்டன. நிலவொளி வானத்தில் சிதறும்போது நீலம், பச்சைப் பக்கம்தான் அதிகம் பாதிக்கும். அப்புறம் நிலா நாட்களை ஹைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் விட்டுவிட்டு, அமாவாசையை ஒட்டிய இரவுகளை ஆக்சிஜனுக்கு ஒதுக்கினேன். ஹைட்ரஜனைப்போல மூன்று மடங்கு நேரம் அதற்குக் கொடுங்கள்.

மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களையும் சேர்த்து நிறம் கொடுக்கும்போது கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்த கழுகு நெபுலாத் தூண்களின் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஹைட்ரஜன் மிக வலுவானது என்பதால் முதலில் எல்லாம் பச்சையாக வரும், குறைத்துக்கொள்ளுங்கள். இதைப் பொய் நிறம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ரோசெட்டின் நடுப்பகுதி நீலமாக வருவது, கடுமையான கதிர் படும் இடத்தில்தான் ஆக்சிஜன் அப்படி ஒளிரும் என்பதால்.

உங்களிடம் கலர் கேமரா இருந்தால் மூன்று ஃபில்டர் வாங்க வேண்டாம், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒன்றாக விடும் டூயல்-பேண்ட் ஒன்றே போதும். மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆர் என்றால் கொஞ்சம் பொறுங்கள்: சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரே ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் புகைக்கும் நாரோபேண்ட் ஃபில்டர் உதவாது. அது வெறும் நட்சத்திர ஒளியின் பிரதிபலிப்பு, அதற்கு இருட்டான ஊருக்குத்தான் போக வேண்டும்.