ஒரே வாரத்தில் 386 கிலோமீட்டரா?

கேள்வி: ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஸ்கார்பரோவுக்கு வருகிறார்கள். ஒரு வாரத்துக்குப் படகு வீடு வாடகைக்கு எடுத்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள டிரெண்ட்-செவர்ன் நீர்வழி முழுவதையும் காட்ட ஆசை. எங்களில் யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை. முடியுமா?

பதில்: 'முழுவதையும்' என்பதை முதலில் விட்டுவிடுங்கள். டிரென்டனிலிருந்து போர்ட் செவர்ன் வரை 386 கி.மீ. படகு வீடு மணிக்குப் பத்து கி.மீ. போனாலே பெரிய விஷயம். குறுகிய கால்வாய்களில் சட்டமும் அதற்கு மேல் விடாது. வழியில் நாற்பதுக்கும் அதிகமான லாக்குகள். தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் இந்தக் கதவுத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் அரை மணி வையுங்கள். சனி, ஞாயிறு என்றால் இன்னும் கூடும். இந்தக் கணக்கில் பெற்றோர் ஏரியைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்கும் படகின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

வழியிலுள்ள பாப்கேஜன் என்ற ஊரில் தொடங்குங்கள். ஸ்டர்ஜன் ஏரி வழியாக ஃபெனலன் ஃபால்ஸ் சுமார் மூன்று மணி நேரம். அங்கே லாக்கை ஒட்டியே அருவியும் கடைத்தெருவும் இருப்பதால் அம்மா நடந்தே போய்வரலாம். பிறகு கேமரன் ஏரி, ரோஸ்டேல், பால்சம் ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 256 மீட்டர். இந்த நீர்வழியின் உச்சி இதுதான். அங்கிருந்து பாறையை வெட்டிய ஒடுக்கமான கால்வாயில் கிர்க்ஃபீல்ட் வரை போய்த் திரும்பினால் ஒரு வாரம் நிதானமாக நிறையும்.

கிர்க்ஃபீல்டில் இருப்பது படகுத் தூக்கி. இரண்டு பெரிய தொட்டிகள் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்கும். மேல்தொட்டியில் சுமார் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்த எடையே கீழ்த்தொட்டியை ஏற்றிவிடும். படகு தன் எடையளவு தண்ணீரை வெளியே தள்ளிவிடுவதால் தொட்டியில் ஒரு படகு நின்றாலும் ஐந்து நின்றாலும் எடை ஒன்றுதான். இதன் அண்ணன் பீட்டர்பரோவில் இருக்கிறது: 1904-இல் திறந்தது, ஏற்றம் 19.8 மீட்டர். அதைக் காரில் போய்ப் பார்த்தாலே போதும்.

புதியவர்கள் தடுமாறுவது சாதாரண லாக்கில்தான். கரைச்சுவரில் நீலக்கோடு போட்ட இடத்தில் கட்டிக் காத்திருங்கள். அது அடுத்து உள்ளே போகும் படகுகளுக்கானது, இரவு தங்க அல்ல. படகு சுவரில் இடிக்காமல் காக்கும், காற்று நிரப்பிய ஃபெண்டர்களை இரு பக்கமும் தொங்கவிடுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவர் கையிலும் கையுறையும் கயிறும். உள்ளே சுவரில் மேலிருந்து கீழாகக் கேபிள்கள் தொங்கும். கயிற்றை அதில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையிலேயே பிடித்திருங்கள். முடிச்சுப் போடவே கூடாது. போட்டால் தண்ணீர் இறங்கும்போது படகு அந்தரத்தில் தொங்கிவிடும். எஞ்சின், அடுப்பு, சிகரெட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சுவரைக் கையாலோ காலாலோ தள்ள முயலாதீர்கள். பல டன் எடை, எலும்பு தாங்காது. இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உதவுவதாக நினைத்து முதலில் கையை நீட்டுபவர் அவராகத்தான் இருப்பார்.

நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிப் போகையில், படகுப் பாதையின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு மிதவை உங்கள் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். பால்சம் பக்கமிருந்து போய்க் கிர்க்ஃபீல்டைத் தாண்டினால் அதுவரை வலப்பக்கம் இருந்த சிவப்பு இடப்பக்கம் வந்துவிடும், ஏனென்றால் அங்கிருந்து நீர் சிம்கோ ஏரியை நோக்கி இறங்குகிறது. இதை மறந்தவர்களின் புரொப்பல்லர்தான் பாறையில் தட்டும்.

ஓட்டுநர் அட்டை இல்லையே என்று கவலை வேண்டாம். வாடகை நிறுவனம் உங்களுடன் சேர்ந்து நிரப்பும் பாதுகாப்புப் பட்டியல், அந்த வாடகைக் காலத்துக்குச் சான்றாகும். ஆனால் அதற்கான விளக்க நேரத்தில் செல்போனைப் பார்க்காதீர்கள். பீர் எடுத்துப் போகலாம், படகு ஓடும்போது யாரும் குடிக்கக் கூடாது. படுக்கை, சமையல், கழிப்பறை நிரந்தரமாக உள்ள படகில், அதுவும் கட்டியோ நங்கூரமிட்டோ நிற்கும்போது மட்டுமே குடிக்க ஒன்டாரியோவில் அனுமதி. கழிவுத் தொட்டியை ஏரியில் திறப்பது குற்றம். மரினா எனப்படும் படகுத் துறையில் காசு கொடுத்து உறிஞ்சச் சொல்ல வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் பாசி அடர்த்தி. வேகம் குறைந்து எஞ்சின் சத்தம் மாறினால் புரொப்பல்லரில் பாசி சுற்றியிருக்கிறது. சில விநாடி ரிவர்ஸ் கொடுங்கள். போகவில்லையென்றால் எஞ்சினை அணைத்து, தூக்கி, கையால் எடுங்கள். அப்படியே ஓட்டினால் குளிர்நீர் உள்ளே போகாமல் எஞ்சின் சூடேறிவிடும்.

செப்டம்பர் தொடக்கம் கூட்டம் குறைந்த நல்ல காலம். ஆனால் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகு லாக் நேரம் சுருங்கும். நீர்வழியை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி முடிவு செய்யுங்கள். பெட்டிபோல் உயர்ந்த படகைப் பிற்பகல் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதால் பால்சம் போன்ற திறந்த ஏரிகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.